ராத்தா எழுதிய சபர்

தெல்தெனிய
07.07.2024

அன்புள்ள தம்பி பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். இந்த முறை யார் சமைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று விரித்து எழுது.

போனில் பேசினால் என்ன என்று மச்சான் கேட்டார். "எல்லாரும் போனிலயே பேசினா என் தபால் கந்தோரைப் பூட்டிட்டு நான் எங்க போறது?" என்று நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்துவிட்டு முத்திரை வாங்கித் தந்தார்.

விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை அக்குறணையில் ஒரு கலியாண வீட்டில் ஸுமைரா என்று ஒருவரைக் கண்டேன். அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறார். முப்பத்தாறு வயது. உம்மா இல்லை, வாப்பாவோடும், உம்மாவின் தங்கை சாச்சியோடும் இருக்கிறார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அழைப்பிதழில் எத்தனை எழுத்துப் பிழை என்று காட்டிச் சிரித்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீயும் கடித உறையில் பிழை கண்டால் விடமாட்டாய்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். உம்மாவைப் பார்த்துக்கொண்டே நாற்பதைத் தொட்டுவிட்டாய். உம்மா மௌத்தான பிறகு கிண்ணியாவுக்கு மாற்றம் வாங்கிப் போனவன், ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்தாய். அன்றைக்கு மாத்தளைக்கு இங்கால் நீ எடுத்த வாந்திக்கு பஸ்ஸையே நிறுத்தினார்களே, அதன் பிறகு இந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. தனியாகவே இருந்துவிடலாம் என்று நினைக்காதே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
ராத்தா அஸீமா


கிண்ணியா
23.07.2024

பிரியமுள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். நீங்கள் கேட்டபடி விரித்து எழுதுகிறேன்: காலையில் பாணும் பருப்பும், இரவில் பருப்பும் பாணும். பகலில் கந்தோருக்குப் பக்கத்து ஹோட்டலில் சோறும் மீனும். மீன் எப்படி என்றால், கண்டியில் நாம் மீன் என்று தின்றது எல்லாம் மீனே இல்லை.

வெயில் தாங்கவில்லை. முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முத்திரை குத்துகிற மேசைக்கு மேலிருந்த விசிறி நின்று பத்து நாளாகிறது. போன கிழமை ஒரு ஆடு கந்தோருக்குள் வந்து ஒரு பார்சலின் மூலையைத் தின்றுவிட்டது. பெறுநர் பெரிய மனிதர், மன்னித்துவிட்டார். இங்கே மூன்று வருசமாய் இருந்து எனக்கும் வாயில் "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" என்றுதான் வருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள்.

வேறு விசேசம் இல்லை.

துஆவுடன்,
பஹ்மி

பின்குறிப்பு: அவங்க படிப்பிப்பது இலக்கணமா, இலக்கியமா? சும்மாதான் கேட்கிறேன். படம் பத்திரமாக இருக்கிறது.


தெல்தெனிய
11.08.2024

அன்பின் தம்பி,

ஸலாம். உன் பின்குறிப்பை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை சரி சொல்லிட்டான், கிளம்பு" என்றார்.

போனோம். ஸுமைராவின் வாப்பா அரூஸ் ஹாஜியார் அக்குறணை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். கீழே கடை, மேலே வீடு. வாசலிலேயே கராம்பு மணம் மூக்கைத் துளைக்கும். தேத்தண்ணி, கேக், தொதல் என்று மரியாதைக்குக் குறைவில்லை. உன்னைப் பற்றி எல்லாம் கேட்டார்: தொழுகை, குணம், உம்மாவை நீ பார்த்த விதம். சம்பளத்தை மட்டும் கேட்கவில்லை. நானும் வாய் வலிக்கச் சொன்னேன்.

ஸுமைரா ஒரு கேள்விதான் கேட்டார்: "அவங்க ஏன் வரல்ல?"

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஹாஜியார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நீ கேட்டாயே, படிப்பிப்பது இலக்கணம், இலக்கியம் இரண்டும்தானாம்.

வெயிலில் அலையாதே. இளநீர் குடி.

ராத்தா


கிண்ணியா
16.09.2024

பிரியமுள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமா? போன மாதம் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. எங்கள் இலாகாவில் கடிதம் தொலைவதில்லை என்று ஆட்களிடம் நான் அடித்துச் சொல்கிறவன். நீங்கள் எழுதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாஜியார் என்ன சொன்னார்? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள். இப்போதெல்லாம் கண்டித் தபால் பை வந்தால் நானே போய் அவிழ்க்கிறேன். பியோன் சிரிக்கிறான். வீட்டுக்கு ஒரு புதுக் கேத்தலும் இரண்டு கோப்பையும் வாங்கினேன். ஒரு கோப்பைதான் வாங்கப் போனேன். கடைக்காரன் ஒன்றைத் தனியாக விற்க மாட்டேன் என்றான். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

பஹ்மி


தெல்தெனிய
04.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்தியதற்கு மனம் கோணாதே. சின்னவனுக்குக் காய்ச்சல், இப்போது சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது. விக்டோரியா அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலும் வானிலுமாக ஆட்கள் வருகிறார்கள். மச்சான் கடையில் குடை நன்றாக விற்கிறது. பின்வளவு கொய்யா நிறையக் காய்த்தது, எல்லாம் வௌவாலுக்குத்தான்.

நீ கேட்டதற்கு: சபர் செய் தம்பி. ஹாஜியாரிடம் பேசினேன், அதற்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன். சபர் செய்தால் அல்லாஹ் நல்ல வழியைத் திறப்பான். இதற்கு மேல் எழுத என் கைக்கு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராத்தா அஸீமா


கிண்ணியா
09.10.2024

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. ஒரே வாசிப்பில் விளங்கிவிட்டது. சந்தோசத்தில் உங்களுக்குக் கை ஓடவில்லை என்பதும் விளங்கியது.

நீங்கள் "பயணம் வா" என்று எழுதியிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். "சபர் செய்" என்று எழுதினீர்கள். ஞாபகம் இருக்கிறதா, உம்மா மஹியங்கனைக்குச் சாமான் வாங்கப் போவதைப் பயணம் என்பார். பெண் பார்க்க, பிள்ளை பார்க்க, மக்காவுக்குப் போக என்றால்தான் சபர் என்பார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ். கண்டிக்கு வர முன்னமே அக்குறணை வந்துவிடும் என்பதால் அங்கேயே இறங்கி ஹாஜியாரைப் பார்த்துவிட்டு, பின்னேரம் தெல்தெனிய வருகிறேன். இரண்டு சட்டி எருமைத் தயிர் சொல்லி வைத்திருக்கிறேன். வாந்திக் குளிசை வாங்கிவிட்டேன். பொலிதீன் பையும்.

பஹ்மி


தெல்தெனிய
12.10.2024, சனி

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. உன் போன் அணைந்து கிடக்கிறது. நீ பஸ்ஸில் இருப்பாய். இதைக் கிண்ணியாவுக்கே போடுகிறேன். அக்குறணை முகவரிக்குப் போட்டால் ஹாஜியார் கையில் கிடைக்கும், அவருக்கு போன் எடுத்துச் சொல்லவும் எனக்கு முகம் இல்லை. நீ திரும்பிப் போய் வாசிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அட மடையா, நான் எழுதியது அந்த சபர் இல்லை! பொறுமை! பொறுத்துக்கொள் என்று எழுதினேன்! கஷ்டம் வந்தால் சபர் செய் என்று பள்ளிவாசலில் சொல்வார்களே, அது!

ஹாஜியார் வேண்டாம் என்றுவிட்டார். மூத்த மகளைப் புத்தளத்தில் கொடுத்து, பெருநாளுக்குப் பெருநாள் முகம் பார்க்கிறாராம். "கண்டியில சொந்த ராத்தாவைப் பார்க்கவே வராதவர், என் மகளை எப்படிக் கூட்டி வருவார்?" என்று கேட்டார். அந்த வார்த்தையை அப்படியே எழுதினால் நீ என்ன ஆவாய் என்று நினைத்து நினைத்துத்தான் மூன்று கிழமை பேனையை எடுக்கவில்லை.

இப்போது வேண்டாம் என்ற வீட்டு வாசலில் தயிர்ச் சட்டியோடு போய் நிற்கப் போகிறாய். நான்தான் அனுப்பினேன். யா அல்லாஹ்.

அஸீமா


அக்குறணை
15.10.2024

பிரியமுள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று போனில் நீங்கள் அழுதீர்கள், நான் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். இந்த வீட்டில் ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். மீதியை எழுதுகிறேன்.

பஸ்ஸில் திரையைப் பார்த்தால் தலை சுற்றும் என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தேன். குளிசை ஹபரணை வரைக்கும் வேலை செய்தது. பிறகு செய்யவில்லை. அக்குறணையில் இறங்கும்போது கொட்டும் மழை. ஒரு தயிர்ச் சட்டி உடைந்துவிட்டது. மற்றதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "யாரு நீங்க? எங்க இருந்து வாரீங்க?"

"கிண்ணியா பஹ்மி. நீங்க சபர் செய்யச் சொன்னீங்கன்னு ராத்தா எழுதியிருந்தாங்க. அதான் வந்துட்டேன்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. மாடிப்படியில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம், ஆனால் பொத்த முடியவில்லை.

"மகன், நான் சொன்னது..." என்று ஹாஜியார் தொடங்கினார்.

"வாப்பா, மழையில வந்த மனுசரை முதல்ல உள்ளுக்கு எடுங்க" என்றது படியில் இருந்த குரல்.

துவாய் தந்தார்கள், சோறு தந்தார்கள். ஹாஜியார் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு தடவையும் எதையோ விழுங்கிவிட்டு "இன்னும் கொஞ்சம் கறி போடுங்க" என்றார். நான் அதை மாமனாரின் வெட்கம் என்று நினைத்தேன், ராத்தா. பெண் வீட்டாருக்கு இவ்வளவு வெட்கமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் பக்கத்து ஆறு, பிங்கா ஓயா, பெருகித் தெருவுக்கு வந்துவிட்டது. இங்கே அடிக்கடி வருவதுதானாம், ஆனால் இந்த முறை வேகம். கடையில் மிளகு மூட்டைகள் தரையில் கிடந்தன. ஹாஜியாருக்கு முதுகு சரியில்லை, வேலையாட்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தபால் மூட்டை தூக்கிய தோள்தானே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினேன். சாச்சி வாளி பிடித்தார். ஸுமைரா படியில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் எங்கே வைப்பது என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே குரல். கடைசி மூட்டை ஏறும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நனைந்தது அரை மூட்டை கராம்பு மட்டும்.

ரோட்டு மூடிவிட்டதால் எனக்கு மாடி முன்னறையில் பாய் போட்டார்கள்.

அடுத்த நாள் காலையில், தண்ணீர் வடிகிற வரை எல்லாரும் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். அப்போது ஹாஜியார் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொன்னதை, ஏன் சொன்னார் என்பதை, நீங்கள் எழுதிய சபர் எந்த சபர் என்பதை, எல்லாவற்றையும்.

எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. போவதற்கு ரோட்டு இல்லை. சட்டைப் பையில் இருந்து உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன், வேறென்ன செய்வது? ஸுமைரா வாங்கி வாசித்தார்.

"இவங்க மேல பிழை இல்ல, வாப்பா. அஸீமா ராத்தா மேலயும் இல்ல. அரபுல பொறுமைக்கு ஸாத் எழுத்து வரும், நடுவுல பே. பயணத்துக்கு ஸீன் வரும், நடுவுல ஃபே. வாயால சொன்னா வேறவேற. தமிழ்ல எழுதினா ரெண்டுக்கும் ஒரே 'ச', ஒரே 'ப'. நான் பரீட்சைத் தாள்ல கண்டாலும் ரெண்டுக்கும் சரிதான் போடணும்."

"ஹபரணையில ஜீப்புக்காரங்க சஃபாரி, சஃபாரின்னு பலகை வச்சிருக்காங்களே..." என்றேன். பேச்சை மாற்றத்தான்.

"அதும் இதே சொல்தான். அரபுல இருந்து ஆபிரிக்காவுக்குப் போய், அங்க இருந்து வெள்ளைக்காரன் தூக்கிட்டு வந்து, இப்ப ஹபரணையில ஆனை பார்க்குது." பிறகு குரலைத் தணித்து, என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பழைய அகராதிக்காரங்க இதுக்கு ஒரு கருத்துச் சொல்றாங்க. அந்த வேர்ச்சொல்லுக்கு மூடினதைத் திறக்கிறதுன்னு அர்த்தமாம். முகத்திரையை விலக்கினாலும் அந்தச் சொல்தான், விடிஞ்சு வெளிச்சம் வந்தாலும் அந்தச் சொல்தான். பயணம் வந்தா மனுசன்ட குணம் வெளியில தெரிஞ்சிடும், அதனாலதான் பயணத்துக்கு அந்தப் பேராம்."

ஹாஜியார் சேறு காய்ந்த என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயிர்ச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

நாளை ரோட்டு திறக்குமாம். தெல்தெனிய வந்து உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். கோபம் இல்லை. நீங்கள் உள்ளதை எழுதியிருந்தால் நான் இந்நேரம் கிண்ணியாவில் பருப்புத் தின்றுகொண்டிருப்பேன்.

உங்கள்
பஹ்மி


அக்குறணை
10.11.2024

மதிப்புக்குரிய அஸீமா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் வீட்டாருக்கும் சுகம் கிடைக்க என் துஆ. வாப்பா போன் எடுத்து உங்களிடம் சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் அவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி போன பிறகு வாப்பா ஒரு கிழமை காய்ந்த கராம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஒரு பின்னேரம் திடீரென்று கேட்டார்: "அந்த மனுசன் வரும்போது எத்தனை தரம் வாந்தி எடுத்தாராம்?"

"எண்ணல்லயாம் வாப்பா."

"திரும்பிப் போகும்போதும் எடுத்திருப்பார்."

"எடுத்திருப்பார்."

கொஞ்ச நேரம் கிளறினார். "இவ்வளவு கஷ்டப்பட்டும் வந்தவன், உன்னை இங்க கூட்டி வராம ஈக்க மாட்டான்" என்றார். அவ்வளவுதான், ராத்தா. அதுதான் சம்மதம்.

நானும் ஒன்று சொன்னேன். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தூரம் தூரம் என்று எனக்காக மறுத்த யாரும் என்னைக் கேட்கவே இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது, தம்புள்ளைக்கு அங்கால் போனதில்லை, புத்தளத்து ராத்தாவும் பெருநாளுக்கு இங்கேதான் வருவார். வகுப்பில் நெய்தல் திணை படிப்பிக்கும்போது கடலைப் படத்தில்தான் காட்டுகிறேன். "எனக்கு அந்தத் தூரம் வேணும் வாப்பா" என்றேன். அவர் முகம் போன போக்கு! பிறகு சிரித்துவிட்டார்.

தை மாதம் நிக்காஹ் வைக்கலாம் என்கிறார். உங்களுக்குச் சம்மதமா?

அன்புடன்,
ஸுமைரா


தெல்தெனிய
24.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். ஜனவரி பத்தொன்பது என்று நாள் வைத்தாயிற்று. மண்டபத்துக்கு மச்சான் பேசுகிறார். உனக்கு சேர்வானி தைக்க அளவு வேண்டும். உன் சொல்லை நம்ப மாட்டேன், ஒரு தையல்காரரிடம் போய் எடுத்து அனுப்பு.

அன்றைக்கு நீ வந்து என் குசினிக் கதிரையில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தாய். மூன்று வருசத்தில் ஒரு தடவைக்கு மேல் உன்னைக் காணாத ஏக்கத்தை நானும் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. எழுதினால் நீ மனம் வருந்தி வருவாய், வாந்தி எடுப்பாய் என்று விட்டுவிட்டேன். இனிமேல் விடமாட்டேன். உன்னைக் காண ஆசையாக இருந்தால், காண ஆசை என்றே எழுதுவேன். வந்து சேர்.

ராத்தா


கிண்ணியா
31.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தம்பியும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் உடம்பு எப்படி? கலியாண அலைச்சலில் கால் வீங்கியிருந்ததே, இறங்கியதா? மச்சானுக்கு ஸலாம்.

பஸ் ஏறும்போது வாப்பா யன்னலுக்கு வெளியே நின்றார். பஸ் அசைந்த பிறகுதான் கூட நடந்து வந்து, "மகன், இவளுக்கு மீன் முள்ளு எடுக்கத் தெரியாது" என்று உங்கள் தம்பியிடம் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இவர் இந்த முறை டொக்டரிடம் கேட்டு வேறு குளிசை போட்டிருந்தார். அது வாந்தியை நிறுத்தியது, ஆளையும் நிறுத்திவிட்டது. மாத்தளையில் என் தோளில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். நான் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். தம்புள்ளைக்கு அங்கால் ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் வாசித்தேன். ஹபரணையில் உண்மையாகவே ஒரு யானை ரோட்டோரம் நின்றது. எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்தேன், பாவம் என்று விட்டேன். கந்தளாய்க் குளத்தைக் கண்டு இதுதான் கடல் என்று நினைத்து, முன் சீட்டுப் பெண்மணியிடம் கேட்டு வெட்கப்பட்டேன்.

திருகோணமலையில் அரைத் தூக்கத்திலேயே இறங்கி, கிண்ணியா பஸ்ஸில் ஏறியதும் மறுபடி தூங்கிவிட்டார். அதன் பிறகு கடலுக்கு மேல் கிண்ணியாப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு மேல் வெயில், வெயிலுக்குள் சின்னச் சின்னத் தோணிகள். இவ்வளவு நாள் வகுப்பில் நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "வந்துட்டோமா?"

"இன்னும் இல்ல, தூங்குங்க" என்றேன். பாலம் முடிகிற வரை நான் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்புடன்,
உங்கள் ஸுமைரா